மண்ணிடம் பெற்றதை மண்ணுக்கே திருப்பியவர்: சேர் அல்பேட் ஹோவார்ட்

கல்முனைக்குடிக்கு மேற்கே விரிந்து கிடக்கும் கரவாகு வயல்வெளிகளில் இன்று சேதனப் பசளை என்று பேச்செடுத்தால், நமது விவசாயிகளின் முகத்தில் முதலில் தோன்றுவது கசப்பு. அதற்கான காரணத்தை விளக்க வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் அமைச்சரவை எடுத்த முடிவு, மே மாதத்தில் வர்த்தமானி அறிவித்தலாக வெளிவந்தது. இரசாயனப் பசளைகளினதும் கிருமிநாசினிகளினதும் இறக்குமதி ஒரே நாளில் தடுக்கப்பட்டது. பெரும்போக விதைப்புக்கு அப்போது எஞ்சியிருந்தவை ஏறத்தாழ ஐந்து மாதங்களே. வீதிகளில் விவசாயிகள் இறங்கினர். நவம்பரில் தடை நீக்கப்பட்டது. எனினும் அந்தப் போகத்தின் வேளாண்மை காப்பாற்றப்படவில்லை. விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நட்டஈடு வழங்குவதாக அரசே அறிவிக்க வேண்டியதாயிற்று.

இந்தக் கசப்பு நியாயமானது. ஆனால் 2021இல் தோற்றது சேதன விவசாயம்தானா, அல்லது அதனைக் கொண்டுவர முயன்ற முறையா என்ற கேள்வியை நாம் இன்னும் நிதானமாகக் கேட்டுப் பார்க்கவில்லை. அக்கேள்விக்கு விடை காண, இத்துறையின் முன்னோடி என உலகம் ஏற்றுக்கொண்ட ஒருவரின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது பயனுடையது. அவர் சேர் அல்பேட் ஹோவார்ட். அவருடைய வாழ்நாளின் மிகச் சிறந்த 26 ஆண்டுகள் நமது அயல் நாடான இந்தியாவிலேயே கழிந்தன.

ஹோவார்ட் 1873ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் திகதி இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் மாவட்டத்தில் பிஷப்ஸ் காசில் என்னும் சிற்றூரில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையின் பண்ணையில் மண்ணோடும் மந்தையோடும் வளர்ந்த சிறுவன், இலண்டன் றோயல் விஞ்ஞானக் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் பயின்று, இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பில் தேறினார். 1899இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று, பயிர்களைத் தாக்கும் பங்கசு நோய்களை ஆராயும் பதவியை ஏற்றார். அங்கேதான் அவருடைய மனதில் முதல் உறுத்தல் எழுந்தது. கரும்புக்கும் கொக்கோவுக்கும் என்ன நோய் என்று ஆய்வுகூடத்தில் இருந்தபடி அவரால் கூற முடிந்தது. ஆனால் தாம் கூறும் பரிகாரத்தைத் தாமே நட்டுப் பார்க்க அவருக்கு ஒரு முழ நிலமும் இருக்கவில்லை. தான் செய்து பாராததை விவசாயிக்கு எவ்வாறு உபதேசிப்பது என்ற அந்தக் கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை.

1903இல் தாய்நாடு திரும்பி வை என்னும் ஊரிலிருந்த விவசாயக் கல்லூரியில் பணியாற்றியபோது, ஹொப்ஸ் என்னும் கொடிப் பயிரில் ஆய்வு செய்தார். ஆண் கொடிகளை வீணென்று கருதி விவசாயிகள் அகற்றி வந்த காலம் அது. மகரந்தச் சேர்க்கை பெற்ற கொடிகளே விரைவாக வளர்ந்து பூச்சிகளையும் தாங்கி நிற்கின்றன என்பதை அவர் வயலிலேயே காட்டினார். இயற்கை அமைத்த ஒழுங்கை அறியாமல் கலைத்தால் பயிர் நலிவுறும் என்ற பாடத்தை அவர் அங்கு கற்றுக்கொண்டார்.

1905இல் ஹோவார்ட் இந்தியா வந்தார். பிஹார் மாநிலத்தின் பூசாவில் அப்போதுதான் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அமெரிக்கச் செல்வந்தரான ஹென்றி பிப்ஸ் அளித்த 30,000 பவுண் நன்கொடையே அந்த நிலையத்துக்கு வித்திட்டது. அங்கே பேரரசின் பொருளாதாரத் தாவரவியலாளராகப் பதவியேற்ற அதே ஆண்டில், கேம்பிரிட்ஜில் தாவர உடற்றொழிலியல் ஆய்வில் பெயர்பெற்றிருந்த கேப்ரியல் மத்தாயி அம்மையாரை மணந்தார். அவர் கணவரின் நிழலாக நின்றவர் அல்லர். ஆய்வுகளிலும் எழுத்துகளிலும் சரிபாதிப் பங்காளியாக இருந்தார். ஹோவார்டின் பெயரால் உலகம் போற்றும் பணியில் ஒரு பெரும் பகுதி அந்த அம்மையாருக்கு உரியது என்பதை இங்கு பதிவு செய்வது கடமையாகும்.

பூசாவில் கோதுமையே அவர்களது முதல் வேலையாக இருந்தது. பூசா 4, பூசா 12 என்ற பெயர்களில் அவர்கள் வெளியிட்ட இனங்கள் வட இந்தியாவில் பரந்த அளவில் பயிரிடப்பட்டன. ஆனால் ஹோவார்டின் பார்வை விதையோடு நிற்கவில்லை. தமக்கெனக் கேட்டுப் பெற்ற சுமார் 75 ஏக்கர் நிலத்தில், சுற்றியுள்ள கிராமத்தவர் செய்யும் விவசாயத்தை அவர் ஒரு மாணவனைப்போல் கவனிக்கத் தொடங்கினார். கிருமிநாசினி எதுவும் வாங்க வழியற்ற அந்தக் கிராமத்தவரின் பயிர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமாக இருந்தன. பயிருக்கு வரும் பூச்சியையும் நோயையும் விரோதியாக மட்டும் பாராமல், நிலத்தில் எங்கோ தவறு நேர்ந்திருப்பதைச் சுட்டும் அறிகுறியாகப் பார்க்க அவர் பழகினார். விவசாயிகளும் பூச்சிகளுமே தமக்கு ஆசிரியர்கள் என்று பிற்காலத்தில் அவர் எழுதியது இந்த அனுபவத்தின் விளைவே.

1910ஆம் ஆண்டளவில் தம் பொறுப்பில் சில சோடி உழவு மாடுகளைப் பெற்று, தம் நிலத்தில் விளைந்த தீவனத்தையே ஊட்டி வளர்த்தார். அயல் தொழுவங்களில் கால்வாய் நோய் பரவியிருந்த காலத்தில், அந்த மாடுகளோடு தம் மாடுகள் மூக்கோடு மூக்கு உரசியும் நோய் தொற்றவில்லை என்று அவர் பதிவு செய்துள்ளார். இதனை முறையான பரிசோதனை என்று கூற முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு தொகுதி மாடுகள் அங்கே வைக்கப்படவில்லை. ஆயினும் மண்ணின் வளம், பயிரின் நலம், விலங்கின் நலம், மனிதனின் நலம் ஆகியவை ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்ற எண்ணம் அவருள் வேரூன்ற இதுவும் ஒரு காரணமாயிற்று.

அந்த எண்ணத்தைச் சோதிக்கப் பூசாவில் இடமில்லை. இரசாயனத்துக்கு ஒரு பிரிவு, பங்கசுக்கு ஒரு பிரிவு, பூச்சிக்கு ஒரு பிரிவு என அந்த நிலையம் கூறுபட்டிருந்தது. ஒரு பயிரை விதை முதல் விளைச்சல் வரை, மண் முதல் மாடு வரை முழுமையாக ஆராயும் அதிகாரம் எவருக்கும் இல்லை. ஆகவே ஹோவார்ட் தம்பதியர் புதியதொரு நிறுவனத்தை உருவாக்கப் புறப்பட்டனர். நமது கவனத்துக்குரிய இடம் இதுவே.

பருத்திப் பொதி ஒவ்வொன்றின் மீதும் அறவிடப்பட்ட சிறு வரியைக் கொண்டு இயங்கியது இந்திய மத்திய பருத்திக் குழு. அக்குழு புதிய நிறுவனத்துக்கு நிதி வழங்க முன்வந்தது. மத்திய இந்தியாவின் சமஸ்தானங்கள் பல ஆண்டுதோறும் பங்களிக்க உடன்பட்டன. இந்தூர் சமஸ்தானம் 300 ஏக்கர் நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்கு அளித்தது. இவ்வாறு 1924இல் இந்தூரில் தாவரக் கைத்தொழில் நிறுவனம் உதயமாயிற்று. பயிர் செய்வோரிடமிருந்து வந்த பணம், உள்ளூர் ஆட்சியாளர் கொடுத்த நிலம், ஆய்வாளருக்கு அளிக்கப்பட்ட சுதந்திரம் என்ற மூன்றும் ஒன்றுசேர்ந்த அபூர்வமான ஏற்பாடு அது.

ஹோவார்ட் அந்த நிலத்தில் முதலில் செய்தது வடிகால் வேலை. நீர் தேங்கும் கரிசல் மண்ணுக்கு மூச்சு விட வழி செய்யாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். தொழிலாளர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம், நியாயமான வேலை நேரம், வீடு, மருத்துவ வசதி ஆகியவற்றை ஏற்படுத்தியதும் ஆரம்பப் பணிகளில் அடங்கும். மண்ணைப் பேணும் ஒரு பண்ணை அதில் உழைப்பவரைப் புறக்கணிக்க இயலாது என்று அவர் கருதினார்.

அங்கிருந்து பிறந்ததே உலகம் இன்று இந்தூர் முறை என அழைக்கும் கூட்டெரு தயாரிப்பு. அது எளிமையானது. சுமார் 30 அடி நீளமும் 14 அடி அகலமும் கொண்ட, ஆழம் குறைந்த குழிகள். அவற்றில் பயிர்க் கழிவுகள், இலை தழைகள், மாட்டுச் சாணம், தொழுவத்தின் சிறுநீர் ஊறிய மண், மரச் சாம்பல் என்பவை படை படையாக இடப்படும். அளவோடு நீர் தெளிக்கப்படும். முதற் பதினைந்து நாட்களுக்குள் ஒரு முறையும், ஒரு மாதத்தில் மறுமுறையும், இரண்டு மாதத்தில் மூன்றாம் முறையும் குவியல் புரட்டப்படும். மூன்று மாதத்தில் அது கறுத்துப் பொடிந்து நல்ல மக்காக மாறிவிடும். பங்கசுகளும் பற்றீரியாக்களும் செய்யும் வேலைக்கு வேண்டிய காற்று, ஈரம், சூடு, சாம்பலின் காரத்தன்மை ஆகியவற்றைச் சரியான அளவில் கொடுப்பதே மனிதனின் பங்கு.

இதனைத் தாம் கண்டுபிடித்ததாக அவர் உரிமை கொண்டாடவில்லை. சீனத்திலும் இந்தியாவிலும் நூற்றாண்டுகளாக நிலவிய வழக்கத்தை அளந்து, எழுதி, எவரும் பின்பற்றத்தக்க ஒழுங்குக்குக் கொண்டுவந்ததே அவரது சாதனை. அந்த மரபில் நமது சமூகத்தின் முன்னோர்க்கும் பங்குண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், தமது கிதாபுல் பிலாஹா என்னும் பெருநூலில் மண்ணின் தன்மைகளையும் பல்வேறு எருக்களையும் அவற்றைப் பதப்படுத்தும் முறைகளையும் விரிவாக எழுதியுள்ளார். எருவைப் பற்றிய அறிவு எந்த ஓர் இனத்துக்கும் தனிச் சொத்தன்று.

1930இல் கேப்ரியல் அம்மையார் காலமானார். மறு ஆண்டு ஹோவார்ட் பணியிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அதே 1931இல், இந்தூரில் தம்மோடு பணியாற்றிய யஷ்வந்த் வாட் என்னும் இந்தியருடன் இணைந்து எழுதிய, விவசாயக் கழிவுகளைப் பற்றிய நூல் வெளிவந்தது. காலஞ்சென்ற மனைவியின் சகோதரி லூயிஸ் அம்மையாரை அவர் மணந்தார். 1934இல் சேர் பட்டம் அவருக்குக் கிடைத்தது. அந்த ஆண்டிலேயே வாட் அவர்களும் ஜாக்சன் என்பவரும், இந்தூர் நகரின் குடியிருப்புக் கழிவுகளையும் இதே முறையில் எருவாக்கலாம் என்பதை விளக்கும் ஆய்வை வெளியிட்டனர். கிராமத்து வயலுக்கென உருவான முறை நகரத்துக் குப்பைக்கும் விடையாயிற்று.

1937ஆம் ஆண்டின் இறுதியிலும் 1938இன் தொடக்கத்திலும் ஹோவார்ட் இந்தியத் தேயிலைத் தோட்டங்களோடு இலங்கைத் தோட்டங்களையும் சுற்றிப் பார்த்தார். மக்கு இடப்பட்ட தேயிலைச் செடிகளின் வேர்களோடு ஒருவகைப் பங்கசு இணைந்து வாழ்வதைக் கண்டு, மண்ணுக்கும் செடிக்கும் இடையிலான உயிருள்ள பாலம் அதுவே என அவர் கருதினார். வங்காளத்தின் பாரக்பூரில், நீர்நிலைகளை அடைக்கும் ஆற்றுவாழையையே கூட்டெருவாக்கிய முயற்சியையும் அவர் தமது எழுத்தில் எடுத்துக்காட்டினார். 1940இல் விவசாயச் சாசனம் எனப் பொருள்படும் தலைப்பில் வெளிவந்த அவரது நூல் உலகைச் சுற்றியது. அதே ஆண்டில் நோர்த்போர்ன் பிரபு எழுதிய நூல்தான் சேதன விவசாயம் என்ற பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தது. ஹோவார்டைக் குருவாகக் கொண்ட ரொடேல் 1942இல் அமெரிக்காவில் சஞ்சிகை தொடங்கினார். 1946இல் பிரித்தானியாவில் மண் சங்கம் அமைந்தது. 1947 ஒக்டோபர் 20ஆம் திகதி, தமது 73ஆவது வயதில், ஹோவார்ட் இலண்டனில் காலமானார்.

அவர் கூறிய அனைத்தும் நிரூபிக்கப்பட்டவை என்று நாம் வாதிடவில்லை. மக்கு இட்டால் பயிர் நோயும் கால்நடை நோயும் அகன்றுவிடும் என்ற அவரது நம்பிக்கை, விஞ்ஞானம் ஏற்கும் எல்லையைத் தாண்டிச் சென்றது. தம்மோடு முரண்பட்ட ஆய்வாளர்களை அவர் கடுமையாகச் சாடியதும் உண்டு. இரசாயனப் பசளை உலகின் பசியைத் தணிக்க உதவியதையும் மறுக்க முடியாது. ஆயினும் மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற அவரது அடிப்படை விதியை இன்றைய மண்ணியல் முன்னிலும் உறுதியாக ஏற்கிறது.

இப்போது 2021க்குத் திரும்புவோம். 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் உள்ளது. கூட்டெருவில் நைதரசன் 1 வீதம் எனக் கொண்டால், அதே அளவைப் பெற 2,300 கிலோ எரு வேண்டும். அதுவும் ஒரே போகத்தில் முழுமையாகப் பயிருக்குக் கிடைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகவே விடுபடும். ஒரு மூடைக்குப் பதிலாக இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட எருவை யார் தயாரிப்பது, எதில் ஏற்றுவது, எந்தக் கூலியில் வயலில் பரப்புவது என்ற கேள்விகளுக்கு வர்த்தமானியில் விடை இருக்கவில்லை. 1962 முதல் மானியம் கொடுத்து இரசாயனப் பசளைக்குப் பழக்கிய மண்ணையும் மனிதரையும் ஐந்து மாதங்களில் மாற்றிவிட முடியும் என்று எண்ணப்பட்டது. ஹோவார்ட் தமது முறையை நூலாக வெளியிட எடுத்துக்கொண்ட காலம் 26 ஆண்டுகள். அவருக்கு 75 ஏக்கரும் பின்னர் 300 ஏக்கரும் நிலம் இருந்தன. நிரந்தரமான நிதியும் இருந்தது. நமது விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது ஒரு கட்டளை மாத்திரமே. தோற்றது எது என்ற கேள்விக்கு இதுவே நமது விடை.

நிறுவன ஆதரவு என்றால் கட்டடமும் பெயர்ப்பலகையும் என நாம் எண்ணிவிடுகிறோம். நமது மாவட்டத்திலேயே வேறு அனுபவம் உண்டு. 1980களின் தொடக்கத்தில் கல்லோயாத் திட்டத்தின் இடது கரையில், கொழும்பிலிருந்த கமத்தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் இளம் பட்டதாரிகளைக் கிராமங்களுக்கு அனுப்பியது. அவர்கள் விவசாயிகளோடு தங்கி, குறை கேட்டு, வாய்க்கால்வாரியாகக் குழுக்கள் அமைய உதவினர். நீருக்காகச் சண்டையிட்ட மேல்வாய்க்கால் விவசாயிகள், கடைமடையில் இருந்த வேற்று இனத்தவருக்கும் நீரை விட்டுக்கொடுத்தனர். நாட்டின் இன உறவு சீர்குலைந்து கொண்டிருந்த காலத்தில் நிகழ்ந்த இந்த மாற்றம் உலகளவில் ஆய்வாளர்களால் எடுத்துக்காட்டப்படுகிறது. கேட்கும் காதும் தங்கும் மனமும் உள்ள நிறுவனம் எதைச் சாதிக்கும் என்பதற்கு நம் கண்முன்னுள்ள சான்று இது.

கரையோர ஊர்களில் எருவுக்கு வேண்டிய மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. அறுவடை இயந்திரம் வந்தபின் களவெட்டியில் சூடு வைக்கும் வழக்கம் அருகி, வைக்கோல் வயலிலேயே எரிக்கப்படுகிறது. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மீன் கழிவு உண்டு. சந்தைகளில் மரக்கறிக் கழிவு உண்டு. கிட்டங்கி ஆற்றை ஆற்றுவாழை அடைத்துக் கிடப்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். உழுஹிய்யாக் காலத்தில் அறுக்கப்படும் பிராணிகளின் குடற் கழிவையும் முறையாகச் சேர்த்தால் எருவாகும். ஆனால் நமது மாவட்டத்தில் குப்பை எங்கே போய்ச் சேர்கிறது? பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்ரிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் மடிந்தன என்ற செய்தி 2022 ஜனவரியில் உலகெங்கும் வெளியாயிற்று. வயலுக்குச் சென்றால் உணவாக வேண்டியது, காட்டுக்குச் சென்று நஞ்சாகிறது.

2008இல் மத்திய சுற்றாடல் அதிகார சபை பிலிசரு திட்டத்தைத் தொடங்கி, நாடெங்கும் உள்ளூராட்சி மன்றங்களின் கூட்டெரு நிலையங்களுக்கு உதவியது. அவ்வாறான நிலையங்களுக்கு வயலோடு உறவு ஏற்படாவிட்டால் பயனில்லை. தரம் பரிசோதிக்கப்படாத, கண்ணாடித் துண்டும் பொலித்தீனும் கலந்த எருவை எந்த விவசாயியும் வாங்கமாட்டார். வாங்குவோர் இல்லாத நிலையம் விரைவில் மூடப்படும்.

ஆகவே நாம் வேண்டுவது மற்றொரு பிரகடனம் அன்று. வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கப்படும் குப்பையை மாநகர சபை எருவாக்கட்டும். அதன் தரத்தைத் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் விவசாயத் திணைக்களமும் சோதித்துச் சான்றளிக்கட்டும். கரவாகுக் கண்டத்தில் பத்து ஏக்கர் நிலத்தைத் தெரிவு செய்து, ஒரு பாகத்தில் எருவும் யூரியாவும் கலந்தும், ஒரு பாகத்தில் எருவை மட்டும் இட்டும், ஒரு பாகத்தை வழமைப்படி விட்டும் பத்துப் போகங்கள் தொடர்ந்து அளந்து பார்க்கட்டும். முடிவு எதுவாயினும் அதனைக் கமநல சேவை நிலையங்களில் தமிழில் எழுதி ஒட்டட்டும். அந்தப் பரிசோதனைக்குத் தம் நிலத்தைத் தரும் விவசாயிக்கு நட்டம் வந்தால் ஈடு செய்யும் நிதி ஒன்று முன்கூட்டியே ஒதுக்கப்படட்டும். பருத்திப் பொதிக்குச் சிறு வரி விதித்து ஒரு நிறுவனத்தை நடத்த முடிந்ததென்றால், நெல் மூடைக்குச் சில சதம் ஒதுக்கி நமது விவசாயிகள் அமைப்புகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் இணைந்து இதனைத் தாங்க முடியாதா என்பதைச் சிந்திக்க வேண்டும்.

ஒரு போகத்தில் விட்ட பிழையைக் காரணம் காட்டி, மண்ணைப் பற்றிய பேச்சையே நாம் கைவிட்டால் அதன் விலையைக் கொடுக்கப் போகிறவர்கள் நமது பிள்ளைகள். யூரியாவின் விலை உலகச் சந்தையின் கையில் இருக்கிறது. அது ஏறும்போதெல்லாம் நமது வயல்கள் நடுங்குகின்றன. மண்ணின் வளம் நம் கையில் இருந்தால் அந்த நடுக்கம் குறையும். அடுத்த பெரும்போகத்துக்கு முன் கல்முனையில் கூடும் விவசாயக் குழுக் கூட்டத்தில் பத்து ஏக்கர் நிலம் என்ற இந்த ஒரு கோரிக்கையையாவது நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு பொறுப்பானவர்களை நாம் கேட்டுக்கொள்கிறோம்.